பிழைப்பும் பொறுப்பும்: கோப்புச் சாலைக்கு ஒரு காவல்



பொங்கல் விழாவன்று நமது சங்க மண்டபத்தில் நடந்த ஒரு சிறு சம்பாஷணையை முதலில் சொல்லிவிடுகிறோம். ராஸ்தா பேட்டையில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் மாமி ஒருவர், பந்தியில் அடுத்து அமர்ந்திருந்த பெரியவரிடம் தம் புதல்வனின் உத்தியோகத்தைப் பற்றிப் பெருமையுடன் கூறிக்கொண்டிருந்தார். "அவனுக்கு இரவு பகல் என்பது கிடையாது. சர்வர் பார்த்துக்கொள்கிறான். நேற்றுக்கூட விடியற்காலம் மூன்று மணிக்கு எழுப்பிவிட்டார்கள்" என்றார். காது சற்று மந்தமான பெரியவர், இலையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை நிதானமாக ஒதுக்கி வைத்துவிட்டு, "எந்த ஓட்டலில், அம்மா? மூன்று மணிக்கே இட்டிலி போட ஆரம்பித்துவிடுகிறார்களா?" என்று கேட்டார். பந்தி முழுவதும் சிரித்தது. 1964 ஆம் ஆண்டு "சர்வர் சுந்தரம்" படத்தைக் கொட்டகையில் பார்த்து மகிழ்ந்த தலைமுறை அல்லவா அவருடையது!

சிரிப்பு அடங்கியபின் அவர் கேட்ட அடுத்த கேள்விதான் நம்மைச் சிந்திக்கவைத்தது. "யந்திரம் தானே ஓடுகிறது. அதற்குப் பக்கத்தில் ஒருவன் விழித்திருக்க வேண்டிய அவசியம் என்ன?" என்றார். மாமியால் விடை சொல்ல இயலவில்லை. புதல்வனோ அன்றும் பணிக்குச் சென்றிருந்தான். பந்தியில் இருந்த நாமும் இத்தொழிலிலேயே முடி நரைத்து ஓய்வு பெற்றவர்களாதலால், அவ்விடையை இம்மாதம் இப்பகுதியில் எழுத முற்படுகிறோம்.

நம் முன்னோர் பலர் இந்நகருக்கு வந்தது ஏடு காக்கும் உத்தியோகத்துக்காகவே. ராணுவக் கணக்குக் காரியாலயங்களிலும் ரயில்வேயிலும் அமர்ந்து, பேரேட்டில் ஒரு காசு விடுபட்டாலும் இரவெல்லாம் விளக்கெரியத் தேடியவர்கள் அவர்கள். அவர்களுடைய பேரன்மாரும் பேத்திமாரும் இன்று ஹிஞ்சவாடியிலும் கராடியிலும் உள்ள காரியாலயங்களில் காத்துவருவதும் ஏடே. ஏட்டின் உருவம் மாறியிருக்கிறது. காப்பவருடைய கவலை மாறவில்லை.

சர்வர் என்று சொல்லப்படுவனவற்றுள் பல வகைகள் உண்டு. அவற்றுள் கோப்புகளை அனுப்பவும் பெறவும் வைத்திருப்பது ஒன்று. அதைக் கோப்புச் சாலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொழிற்சாலை மாதக் கடைசியில் 2,000 பேருடைய சம்பளப் பட்டியலை வங்கிக்கு அனுப்புகிறது. விற்பனை முகவர்கள் நாள்தோறும் தத்தம் ஊரிலிருந்து கொள்முதல் பட்டியலை அனுப்புகிறார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஊழியர் குடும்பங்களின் பெயர், வயது, நோய் விவரம் அடங்கிய பட்டியல் செல்கிறது. இவை மனிதர் கையால் அனுப்பும் கடிதங்கள் அல்ல. ஒரு யந்திரம் குறித்த நேரத்தில் கொண்டுவந்து வைக்க, மற்றொரு யந்திரம் குறித்த நேரத்தில் வந்து எடுத்துச் செல்லும். இரு வீட்டார்க்கும் பொதுவான திண்ணையில் வைத்த பெட்டி போன்றது அது. திண்ணை தெருவைப் பார்த்து அமைந்திருப்பதால்தான் காவல் வேண்டியிருக்கிறது.

தபால் கார்டுக் காலம்

இவ்வாறு கோப்பு அனுப்பும் முறைக்கு எஃப்.டி.பி. என்று பெயர். இதை வகுத்தவர் ஓர் இந்தியர் என்பதை நம் பிள்ளைகளுள் பலர் அறியமாட்டார்கள். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர்களுள் ஒருவராகப் பயின்று, அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையம் சென்ற அபய் பூஷண் என்பவரே 1971 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இம்முறையின் முதல் வரைவை எழுதி வெளியிட்டார். இன்றுள்ள இணையம் அன்று பிறக்கவில்லை. அமெரிக்கச் சர்வகலாசாலைகளையும் ஆராய்ச்சிக்கூடங்களையும் சேர்ந்த சில யந்திரங்களே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. அவற்றை நடத்தியோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவே, உள்ளே வருபவர் தம் பெயரையும் இரகசியச் சொல்லையும் மறைப்பின்றித் தெரிவிக்கலாம் என்றிருந்ததில் வியப்பில்லை. 1985 இல் இம்முறை திருத்தி எழுதப்பட்டபோதும் அவ்வழக்கம் தொடர்ந்தது.

இரும்புப்பெட்டியின் திறவு எண்ணைத் தபால் கார்டில் எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? தபால்காரர் நல்லவராக இருக்கும்வரை கேடில்லை. 1995 ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கித் தொழில்நுட்பச் சர்வகலாசாலையின் கம்பிகளில் யாரோ ஒருவர் ஒளிந்திருந்து, சென்றுகொண்டிருந்த இரகசியச் சொற்களையெல்லாம் படித்துத் திரட்டிவிட்டார். அங்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தாத்து இலோனென் என்பவர் அதைக் கண்டு, செய்தி முழுவதையும் பூட்டி அனுப்பும் எஸ்.எஸ்.ஹெச். என்ற முறையை அவ்வாண்டே உருவாக்கினார். அதன்மீது அமைந்த எஸ்.எஃப்.டி.பி. என்பதே இன்று பல காரியாலயங்களில் வழங்குவது. பழைய எஃப்.டி.பி.யையே உறையிலிட்டு அனுப்புவது போன்ற எஃப்.டி.பி.எஸ். என்ற மற்றொரு வகையும் உண்டு. 2021 இல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய இரு உலாவிகளும் பழைய எஃப்.டி.பி.யை அடியோடு கைவிட்டன. ஆயினும் பல தொழிற்சாலைகளின் பின்கட்டில் அது இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மேலதிகாரியிடம் கேட்டால், "நன்றாக ஓடுகிறதே, ஏன் தொட வேண்டும்?" என்பார்.

காவற்காரரின் நாள்

இனி, பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். யந்திரம் தானே ஓடும். ஆனால் அது ஓடும் நிலம் நாள்தோறும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

முதலாவது, இடம். எடுத்துச் செல்லப்பட்ட கோப்புகளை அகற்றாவிட்டால் அவை குவிந்து வட்டு நிரம்பும். நிரம்பிய வட்டில் புதிய கோப்பு பாதியில் அறுபடும். அந்தப் பாதிக் கோப்பை வங்கி யந்திரம் முழுக்கோப்பென்று எண்ணி எடுத்துக்கொண்டால், பட்டியலின் பிற்பகுதியில் உள்ளவர்களுக்குச் சம்பளம் வாராது. ஆகையால் கோப்பை முதலில் வேறொரு பெயரில் இறக்கி, முழுவதும் வந்து சேர்ந்தபின் மெய்யான பெயரிடுவது நல்ல வழக்கம்.

இரண்டாவது, தவணை. உறையிட்டு அனுப்பும் முறைக்கு ஓர் அத்தாட்சிப் பத்திரம் தேவை. அதற்குக் காலக்கெடு உண்டு. கெடு கடந்த மறு நிமிஷமே எதிர்த்தரப்பு யந்திரம் பேச மறுத்துவிடும். பொதுவில் வழங்கும் இப்பத்திரங்களின் ஆயுளை 2029 ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்குள் படிப்படியாக 47 நாளாகக் குறைப்பதென்று 2025 இல் முடிவாகியிருக்கிறது. ஆண்டுக்கொருமுறை கையால் மாற்றிப் பழகியவர்கள் இனி அதற்கும் ஒரு யந்திரத்தை ஏவித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, ஆட்கள். முகவர் ஒருவர் கடையை மூடிவிடுகிறார். ஊழியர் ஒருவர் விலகிச் செல்கிறார். அவர்களுக்குக் கொடுத்த நுழைவுரிமை தானாக மறைவதில்லை. வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்யும்போது சாவியைத் திரும்பப் பெறாத வீட்டுக்காரர் உண்டா? கோப்புச் சாலைகளில் அத்தகைய வீட்டுக்காரர் மிகப் பலர்.

நான்காவது, அறைகள். சத்திரத்தில் தங்குவோர்க்கு ஆளுக்கோர் அறை கொடுப்பதுபோல, ஒவ்வொரு தரப்பினரும் தம் அறையை மட்டுமே காணும்படி அடைத்து வைக்க வேண்டும். அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்பது மட்டுமன்று, அடுத்த அறை ஒன்று இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியலாகாது.

ஐந்தாவது, பூட்டும் திறவுகோலும். இரகசியச் சொல்லைவிட எஸ்.எஸ்.ஹெச். திறவுகோல் உறுதியானது. அதில் இரண்டு பாகங்கள் உண்டு. பூட்டை ஊராருக்குக் கொடுக்கலாம். திறவுகோல் வீட்டைவிட்டு வெளியே போகலாகாது. நம் இளைஞர்கள் சிலர் அவசரத்தில் திறவுகோலையே மின்னஞ்சலில் அனுப்பிவிடுவதைக் கண்டிருக்கிறோம். அவ்வாறே, முதன்முறை ஒரு சர்வருடன் பேசும்போது அது தன் கைரேகையைக் காட்டி, "நான்தான், நம்பலாமா?" என்று கேட்கும். ஒப்பிட்டுப் பாராமல் "ஆம்" என்று தட்டுவது, கதவைத் தட்டியவர் யாரென்று பாராமல் தாழ் திறப்பதற்கு ஒப்பாகும்.

ஆறாவது, மராமத்து. மென்பொருளில் குறை கண்டால் அதைச் செய்தவர்கள் திருத்தம் வெளியிடுவார்கள். திருத்தத்தை மெய்யான இடத்திலிருந்து பெறுகிறோமா என்பதையும் பார்க்க வேண்டும். 2011 ஆம் ஆண்டு ஜூலையில், மிகவும் பத்திரமானது என்று பெயரிலேயே சொல்லிக்கொள்ளும் வி.எஸ்.எஃப்.டி.பி.டி. என்ற மென்பொருளின் 2.3.4 ஆம் பதிப்பை, அது வைக்கப்பட்டிருந்த இடத்திலேயே யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். உள்ளே வருபவர் தம் பெயரோடு சிரிக்கும் முகக்குறி ஒன்றைச் சேர்த்துத் தட்டினால், 6200 ஆம் எண்ணுள்ள புறவாயில் திறந்துகொள்ளும்! முத்திரையைச் சரிபார்த்தவர்களுக்கு அது போலி என்று தெரிந்துவிட்டது. சரிபாராதவர்கள் திருடனைத் தாமே கொண்டுவந்து வீட்டில் அமர்த்தினார்கள்.

ஏழாவது, நாட்குறிப்பு. யார், எப்பொழுது, எங்கிருந்து வந்து, எதை எடுத்தார் என்று சர்வர் எழுதிக்கொண்டே இருக்கும். அக்குறிப்பை வேறொரு யந்திரத்தில் வைக்க வேண்டும். திருடனுடைய கை எட்டும் இடத்தில் வருகைப் பதிவேட்டை வைத்தால் அதையும் கிழித்துக்கொண்டு போவான்.

கடல் கடந்த பாடம்

இவ்வளவும் செய்தால் போதுமா என்றால், போதாது என்றே 2023 ஆம் ஆண்டு காட்டியது. பெரிய நிறுவனங்கள் கோப்பு அனுப்பப் பயன்படுத்தும் மூவ்-இட் டிரான்ஸ்ஃபர் என்ற மென்பொருளை அமெரிக்காவின் புரோகிரஸ் நிறுவனம் விற்றுவருகிறது. அதில் எவரும் அறியாத ஒரு பிழையை க்ளாப் என்ற கொள்ளைக் கூட்டத்தார் கண்டுபிடித்து வைத்திருந்தனர். அமெரிக்கர்கள் நினைவு நாள் விடுமுறைக்காக வீடு சென்றிருந்த வார இறுதியைத் தேர்ந்தெடுத்து, மே மாதம் 27 ஆம் தேதி பெருமளவில் வேலையைத் தொடங்கினார்கள். திருத்தம் வெளிவந்தது 31 ஆம் தேதி. அதற்குள் வேண்டிய மட்டும் வாரிக்கொண்டு போயிருந்தனர்.

அந்தப் பிழையின் வகை மிகப் பழையது. காரியாலய வாசலில் வருகையாளர் பெயர் எழுதும் புத்தகம் இருக்கிறது. வந்தவர் பெயரை எழுத வேண்டிய இடத்தில், "இருப்பறையின் கதவைத் திறந்துவிடு" என்று எழுதுகிறார். அதைப் பெயரென்று கொள்ளாமல் முதலாளியின் ஆணையென்று எண்ணி எழுத்தர் கதவைத் திறந்துவிடுகிறார். எஸ்.க்யூ.எல். ஊடுருவல் என்று இத்தொழிலில் சொல்லப்படுவது இதுவே. உள்ளே நுழைந்தவர்கள், மென்பொருளின் மெய்யான கோப்பைப்போலவே பெயரிட்ட ஒரு கோப்பை விட்டுச் சென்று, அதன் வழியாகத் திரும்பத் திரும்ப வந்தனர்.

2,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதனால் பாதிக்கப்பட்டன. கோடிக்கணக்கான மக்களுடைய விவரங்கள் களவு போயின. நேயர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பி.பி.சி., பிரிட்டிஷ் ஏர்வேஸ், பூட்ஸ் மருந்துக் கடை ஆகியவற்றின் ஊழியர் விவரங்களும் அவற்றுள் அடங்கும். அவை பறிபோனது அந்நிறுவனங்களின் சர்வரிலிருந்து அல்ல. அவர்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுத்த ஸெல்லிஸ் என்ற நிறுவனத்தின் கோப்புச் சாலையிலிருந்து. நம் வீட்டுக் கதவை நாம் எவ்வளவுதான் பூட்டினாலும், நம் நகையைக் கொடுத்து வைத்தவர் வீட்டுக் கதவையும் அல்லவா பார்க்க வேண்டியிருக்கிறது?

இது தனி நிகழ்ச்சியன்று. 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் அக்ஸெலியன் என்ற நிறுவனத்தின் இருபது ஆண்டுப் பழமையான கோப்பு அனுப்பும் சாதனம் உடைக்கப்பட்டபோது, நியூஸிலாந்து நாட்டின் ரிசர்வ் வங்கியே அகப்பட்டுக்கொண்டது. 2024 ஆம் ஆண்டுக் கடைசியில் கிளியோ என்ற நிறுவனத்தின் மென்பொருளுக்கு அதே கதி நேர்ந்தது. அக்டோபரில் வெளியிட்ட திருத்தம் துளையை முழுவதும் அடைக்கவில்லை. திருத்தம் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக உறங்கியவர்கள் டிசம்பரில் விழித்தெழுந்தனர்.

யாரும் அறியாத பிழைக்கு எவர்தாம் முன்கூட்டியே காவல் செய்ய முடியும்? பிழையைத் தடுக்க இயலாது. நஷ்டத்தைக் குறைக்க இயலும். கோப்புச் சாலை என்பது வழிப்போக்கர் தங்கும் சாவடி. அதில் ஒரு கோப்பு சில மணி நேரம் தங்கலாம். மூன்று ஆண்டுகள் குடியிருக்கலாகாது. வங்கி எடுத்துக்கொண்டதும் சம்பளப் பட்டியலை அழித்துவிட்ட நிறுவனத்தில், அன்றைய இரவு நுழைந்த திருடனுக்கு வெறும் அறையே கிடைத்திருக்கும். இல்லாத பொருளை எடுத்துச் செல்லும் வித்தையை எந்தத் திருடனும் இதுவரை கற்றதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

நிற்க. நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவனின் அனுபவத்தை, அவனுடைய சம்மதத்துடன் கூறுகிறோம். பெயரும் நிறுவனமும் வேண்டாம்.

2023 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவன் நம் வீட்டுக்கு வந்தான். அப்பிள்ளை ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கோப்புச் சாலையைக் காப்பவன். முகம் வெளுத்திருந்தது. மூவ்-இட் செய்தியைப் படித்ததிலிருந்து, விடுமுறை நாட்களில் உட்கார்ந்து தன் சர்வரின் பழைய கணக்குகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வந்தான். அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு நாட்குறிப்பில் ஒரு வரியைக் கண்டான். எட்டு மாதத்துக்கு முன் கடையை மூடிவிட்ட ஒரு முகவரின் பெயரில், முந்திய இரவு 2 மணி 40 நிமிஷத்துக்கு வெளிநாட்டு விலாசத்திலிருந்து யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். மூன்று கோப்புகளை எடுத்திருக்கிறார்கள். அவை ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதச் சம்பளப் பட்டியல்கள்.

முகவருக்கும் சம்பளப் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் கதை. ஜூன் மாதச் சம்பள இரவில் வட்டு நிரம்பிவிட்டது. வேறு வழியின்றி முகவர்களுக்கான வட்டில் பட்டியலை இறக்கி, வங்கியின் யந்திரம் அதைப் படிக்க வேண்டுமென்று, "இன்று ஓர் இரவுக்கு மட்டும்" என எல்லாருக்கும் பார்வையிடும் உரிமையைத் திறந்துவிட்டான். மறுநாள் காலை மூடிவிடுவதாக எண்ணம். மறுநாள் காலை வேறு வேலை வந்தது. அதன்பின் மாதந்தோறும் பட்டியல் அங்கேயே இறங்கியது, அங்கேயே தங்கியது. மூடிய கடையின் கணக்கை நீக்க வேண்டும் என்று ஜனவரியில் தன் குறிப்பேட்டில் தானே எழுதியிருந்தான், அதையும் செய்யவில்லை. முகவர்களோ இரகசியச் சொல் ஒன்றைக்கொண்டே உள்ளே வருபவர்கள். அந்தச் சொல் எங்கோ வெளியாகியிருக்கிறது.

நான்கு சிறு அசட்டைகள். தனித்தனியே பார்த்தால் ஒன்றுகூடப் பெரிய குற்றமன்று. நான்கும் ஒரே வரிசையில் வந்து நின்றபோது, 900 குடும்பங்களின் பெயரும் சம்பளமும் வங்கிக் கணக்கு எண்ணும் தொலைபேசி எண்ணும் வாசலைத் தாண்டிவிட்டன.

அந்தக் கணக்கை உடனே அடைத்து, திறந்திருந்த உரிமையை மூடி, நாட்குறிப்பைத் தனியே பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் அவன் வந்திருந்தான். வேலையில் குறையில்லை. மனத்தில்தான் கலக்கம். "மாமா, நான் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால், அந்த உரிமையைத் திறந்துவிட்டது யார் என்று முதலில் கேட்பார்கள். வீட்டுக்கடன் இருக்கிறது. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றான்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. காப்பி வந்தது, அதையும் அவன் தொடவில்லை. "அந்தப் பட்டியலில் உன் பெயரும் இருக்கிறதா?" என்று கேட்டோம். "இருக்கிறது" என்றான். "கேண்டீனில் வேலை செய்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள்?" "எல்லாரும் இருக்கிறார்கள், மாமா." "உனக்குத் தெரிந்துவிட்டது. நீ ஜாக்கிரதையாக இருப்பாய். அவர்களுக்கு யார் சொல்வது?" என்றோம்.

சட்டத்தையும் நினைவூட்டினோம். 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் தேதி செர்ட்-இன் எனப்படும் மத்திய அரசின் நிறுவனம் பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அதற்கு அறிவிக்க வேண்டும். நாட்குறிப்புகளை 180 நாள் காத்து வைக்க வேண்டும். யந்திரங்களின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். மூன்றரை மணிக்குக் கண்டது ஒன்பதரைக்குள் போய்ச் சேர வேண்டும்.

அவன் மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தான். அவர், "புதன்கிழமை தணிக்கை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நாம் எதிர்பார்த்ததுதான். "எழுத்தில் கொடு. எவரையும் குறை சொல்லாதே, உன்னையும் நியாயப்படுத்தாதே. நடந்ததை நடந்த வரிசையில், மணி நிமிஷத்துடன் எழுது. 6 மணி நேர உத்தரவையும் ஒரு வரியில் சேர்த்துவிடு" என்றோம். நம் உணவு மேசையில் உட்கார்ந்து எழுதினான். ஜூன் மாத இரவில் உரிமையைத் திறந்தது தானே என்ற வாக்கியத்தை எழுதும்போது மட்டும் வெகுநேரம் நிறுத்தினான், பிறகு எழுதினான். ஆறே முக்காலுக்குக் கடிதம் போயிற்று. ஏழரைக்கு அந்த மேலதிகாரிக்கும் மேலானவர் அழைத்தார். ஒன்பது மணிக்குள் அரசுக்கு அறிவிப்பும் சென்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊழியர் அனைவருக்கும் செய்தி தெரிவிக்கப்பட்டது. அன்று பிற்பகல் நிறுவனத்தின் வண்டியோட்டி ஒருவருக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னார். அவருடைய முழுப்பெயரையும், ஆகஸ்டு மாதச் சம்பளத்தை ரூபாய் கணக்காகவும், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் சரியாகச் சொல்லிவிட்டு, கைப்பேசிக்கு வந்திருக்கும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டார். இவ்வளவு தெரிந்தவர் வங்கிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று எவரும் நம்பியிருப்பார்கள். ஆனால் அன்று காலைதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தொலைபேசியை வைத்துவிட்டார். மகள் கலியாணத்துக்காகச் சேர்த்து வைத்த பணம் அந்தக் கணக்கில் இருந்ததாம்.

நம் பிள்ளைக்கு அவ்வாண்டுச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அது நியாயமே என்று அவனும் ஒப்புக்கொண்டான். வேலை போகவில்லை. இன்றும் அதே கோப்புச் சாலையைத்தான் காக்கிறான். "இன்று ஓர் இரவுக்கு மட்டும்" என்று எதையாவது திறக்க நேர்ந்தால், அதை மூடும் நேரத்தையும் அப்பொழுதே யந்திரத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறான்.

இளைஞர்க்கும் இல்லத்தார்க்கும்

இத்தொழிலில் இருக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவன சில. மாதம் ஒரு நாள் குறித்துக்கொண்டு, நுழைவுரிமை உடையோரின் பட்டியலை வியாபாரப் பகுதியினரோடு சேர்ந்து உட்கார்ந்து சரிபாருங்கள். எந்த முகவர் கடையை மூடினார் என்பது உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். எடுத்துச் சென்ற கோப்பு தானாக அழியும்படி அமையுங்கள். நிர்வகிக்கும் வாயிலை வெளியுலகுக்குத் திறந்து வைக்காதீர்கள். எந்த விலாசத்திலிருந்து வருவார் என்று முன்பே தெரிந்தவருக்கு, அந்த விலாசத்திலிருந்து மட்டும் அனுமதி கொடுங்கள். பிரதி எடுத்து வைத்தால் போதாது. அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று ஆண்டுக்கு இருமுறையாவது மீட்டுப் பாருங்கள். நீண்ட விடுமுறைக்கு முந்திய நாளில் ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் திருத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள். திருடனுக்கும் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியும்.

அதிகாரிகளாக உயர்ந்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க காவல் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டுள்ளன. ஆனால் அபராதத்துக்கு அஞ்சிச் செய்யும் காவல் காகிதத்தில்தான் நிற்கும். தவறு செய்தவன் தானே வந்து சொல்லக்கூடிய காரியாலயமாக உங்கள் காரியாலயம் இருக்கிறதா என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். சொன்னவனை வெளியே தள்ளினால், அடுத்தவன் சொல்லமாட்டான். அப்பொழுது வண்டியோட்டியின் தொலைபேசி அடிக்கும்போது அவருக்கு எச்சரிக்கை வந்து சேர்ந்திராது.

இல்லத்தார்க்குச் சொல்வது எளிது. உங்கள் பெயர், சம்பளம், கணக்கு எண் ஆகியவற்றைச் சரியாகச் சொல்வதனால் ஒருவர் வங்கிக்காரர் ஆகிவிடமாட்டார். எவர் கேட்டாலும் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள். பணம் பறிபோய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்கு மீட்க வழியுண்டு. பண்டிகை நாளில் பிள்ளை இலையிலிருந்து பாதியில் எழுந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு போனால் கடிந்துகொள்ளாதீர்கள். எங்கோ 900 குடும்பங்களின் ஏடு அவன் கையில் இருக்கலாம்.

பந்தியில் கேள்வி கேட்ட பெரியவருக்கு இவ்வளவையும் சென்ற வாரம் நேரில் சொன்னோம். ராணுவக் கணக்குக் காரியாலயத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவர் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கள் காலத்திலும் அப்படித்தான். சாவியை ஒருவரிடம் கொடுத்தால், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து. திரும்பக் கொடுத்ததற்கும் கையெழுத்து. இரண்டாவது கையெழுத்தைத்தான் எல்லாரும் மறப்பார்கள்" என்றார். பிறகு மாமியின் புதல்வனை ஒரு நாள் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவரும்படி சொல்லியனுப்பியிருக்கிறார். அன்று பரிமாறப்போவது தாமே என்றும் கூறியிருக்கிறார்.

இப்பகுதி தொடர்பான வினாக்களை நேயர்கள் சங்கக் காரியாலயத்துக்கு எழுதினால், அடுத்த இதழில் விடையளிக்கப்படும்.